எச்.யூ.ஐ.டி. முத்திரையா, கடைக்காரர் வாக்கா, பத்தர் கைவேலையா: தங்க நகையில் எந்த உத்தரவாதத்தை நம்பி வாங்குவது?

கல்யாணத்துக்கு நகை எடுக்கும் வீடுகளில் டிசைனைப் பற்றிய பேச்சு நாள்கணக்கில் ஓடும். சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைக்கக் கடையில் அரை மணி நேரம் பேரம் நடக்கும். ‘இது 22 காரட்தான் என்று அளந்து சொன்னது யார்?’ என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போய்விடும்.

கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் நறுக்கும்போதே தெரிந்துவிடும். தங்கத்தில் மாற்று, அதாவது தரம், குறைந்தால் அப்படித் தெரியாது. 20 காரட் சங்கிலியும் 22 காரட் சங்கிலியும் கழுத்தில் ஒன்றுபோலத்தான் மின்னும். குறை வெளியே வருவது விற்கவோ அடகு வைக்கவோ போகிற அன்றைக்குத்தான். பெரும்பாலும் அது ஆஸ்பத்திரிச் செலவோ கல்லூரிக் கட்டணமோ நெருக்குகிற நாளாக இருக்கும். வாங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும், ரசீது எங்கே போனதென்று தெரியாது, விற்ற கடைக்காரரிடம் போய் நின்று கேட்கவும் முடியாது. நஷ்டம் முழுக்க அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். அதனால்தான் வாங்கும் நாளிலேயே இதை யோசித்துவிட வேண்டும் என்கிறேன்.

நகை எடுக்கப் போகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய கடையில் ஹால்மார்க், அதாவது அரசு அங்கீகரித்த மையம் தரம் சோதித்துப் போடும் முத்திரை, உள்ள நகையை எடுப்பதா? (அந்த முத்திரையில் ஒவ்வொரு நகைக்கும் தனியாக வரும் அடையாளக் குறியீடுதான் எச்.யூ.ஐ.டி.) தலைமுறையாகப் பழகிய சின்னக் கடையில் ‘916தான் (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 காரட்), நான் பொறுப்பு’ என்று சொல்லும் நகையை எடுப்பதா? பழைய நகையைப் பத்தரிடம் கொடுத்து விருப்பப்படி செய்துகொள்வதா? மூன்றுக்கும் நியாயம் உண்டு, மறைந்திருக்கும் செலவும் உண்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, தரத்தை அளந்தது யார்? விற்பவரே அளந்தாரா, விற்பனையில் பங்கில்லாத மூன்றாம் ஆள் அளந்தாரா?

இரண்டாவது, நாளைக்குத் தரம் குறைவு என்று தெரிந்தால் யார் பணம் கொடுப்பார்கள்? எந்தச் சட்டப்படி?

மூன்றாவது, வாங்கிய கடையைத் தாண்டி, வேறு ஊரில், வேறு கடையில் அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு உண்டா?

நான்காவது, செலவு. கூலி, சேதாரம், முத்திரைக் கட்டணம் மட்டுமில்லை. திரும்ப மாற்றும்போது போகிற கழிவும் இதில் சேரும்.

டிசைனை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது அவரவர் விருப்பம்.

| கேள்வி | எச்.யூ.ஐ.டி. ஹால்மார்க் | கடையின் சொந்த உத்தரவாதம் | பத்தரிடம் செய்தது |
|---|---|---|---|
| அளந்தது யார்? | அரசு அங்கீகரித்த மையம் | கடைக்காரரே | பத்தரே. நாம் கேட்டால் மையம் |
| குறைந்தால்? | விதிப்படி இழப்பீடு | கடைக்காரர் மனசுப்படி | நேரில் பேசித் தீர்ப்பதுதான் |
| வேறு இடத்தில்? | எங்கும் சரிபார்க்கலாம் | அந்தக் கடையோடு சரி | மறுபடி சோதிக்க வேண்டும் |
| எங்கே பணம் போகும்? | செய்கூலி, சேதாரம் | மாற்றும்போது கழிவு | உருக்குக் கழிவு, பற்றவைக்கும் பொடி |

## எச்.யூ.ஐ.டி. ஹால்மார்க் நகை

இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையை 2000ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக அது கடைக்காரர் விரும்பினால் போடுகிற முத்திரையாகவே இருந்தது. 2021 ஜூன் 16 முதல்தான் நாட்டின் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆனது. அதில் 24 மாவட்டங்கள் தமிழ்நாட்டில். பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களும் சேர்ந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் இல்லாத முத்திரையோடு கடைக்காரர் நகை விற்கக் கூடாது என்றும் ஆனது.

இப்போது நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும். முக்கோண வடிவ பி.ஐ.எஸ். சின்னம், காரட்டும் தரமும் (22 காரட் என்றால் 916), அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. ஒரு நகைக்கு ஒரு குறியீடுதான். ஆதார் எண் போல, அது வேறு நகைக்கு வராது.

முத்திரை விழுவதற்கு முன்னால் நடப்பதைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியும். கடைக்காரர் நகைகளை மொத்தமாக மையத்துக்கு அனுப்புவார். அங்கே முதலில் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்த லாட்டிலிருந்து மாதிரி எடுத்து நெருப்புச் சோதனை செய்வார்கள். மாதிரியைத் துல்லியமாக எடை போட்டு, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். ஈயம் செம்பையும் மற்றக் கலப்பு உலோகங்களையும் இழுத்துக்கொண்டு, நுண்துளைகள் உள்ள சிறு கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு குண்டுமணி மட்டும் மிஞ்சும். அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துபோகும், தங்கம் நிற்கும். அதை எடை போட்டு, முதலில் எடுத்த எடையோடு ஒப்பிட்டால் தரம் வந்துவிடும். உரைகல்லில் கோடு போட்டுக் கண்ணால் பார்ப்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நகையையும் வெட்டி இப்படிச் சோதிப்பதில்லை, மாதிரியைத்தான் சோதிக்கிறார்கள். ஆகவே ஹால்மார்க் என்றால் தவறே நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். தவறு நடந்தால் கேட்க வழி இருக்கிறது என்பதுதான் அதன் பெரிய பலம்.

பி.ஐ.எஸ். விதிகள் 2018இல் 49ஆவது விதி இதைப் பேசுகிறது. முத்திரையில் உள்ள தரத்தைவிட நகையின் தரம் குறைவாக இருந்தால், அந்த எடைக்குக் குறைந்த தரத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பவுன் சங்கிலி, 40 கிராம். 916 என்று முத்திரை. அப்படியானால் உள்ளே 36.64 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். சோதித்தால் 875 வருகிறது, அதாவது 21 காரட். உள்ளே இருப்பது 35 கிராம்தான். 1.64 கிராம் குறைவு. முத்திரை இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு, 3.28 கிராம் தங்கத்தின் மதிப்பை நீங்கள் கேட்கலாம். முத்திரையும் ரசீதும் இல்லாவிட்டால் அந்த 1.64 கிராம் போனது போனதுதான். ஒரே ஒரு காரட் வித்தியாசத்துக்கு இது. இன்றைய விலையில் பெருக்கிப் பாருங்கள், வயிறு எரியும்.

இதற்கான செலவு எவ்வளவு? நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று 2022இல் நிர்ணயித்தார்கள். 18 சதவீத வரியோடு 53 ரூபாய் 10 காசு. எடை கூடினாலும் இந்தக் கட்டணம் மாறாது. அரைப் பவுன் மோதிரத்துக்கும் பத்துப் பவுன் ஆரத்துக்கும் ஒன்றுதான். ஆகவே ‘ஹால்மார்க் போட்டால் பவுனுக்கு இவ்வளவு கூடும்’ என்று யாராவது சொன்னால், அது முத்திரைக்கான காசு இல்லை.

மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தரத்தை மட்டும்தான் ஹால்மார்க் சொல்லும். செய்கூலி நியாயமா, சேதாரம் நியாயமா என்று சொல்லாது. கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்தார்களா என்றும் சொல்லாது. 916 முத்திரையோடு கூடிய கெம்புக்கல் அட்டிகையில், கல்லும் அரக்கும் சேர்த்து எடை போட்டுத் தங்க விலை வாங்கினால், முத்திரை உங்களைக் காப்பாற்றாது. ரசீதுதான் காப்பாற்றும். விதிப்படி ரசீதில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதினால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, முத்திரை இருந்தாலே 22 காரட் என்று நினைத்துவிடாதீர்கள். 14, 18, 20, 22, 23, 24 காரட்டுகளுக்கும் முத்திரை உண்டு. 2025 ஜூலையில் 9 காரட்டும் (375) சேர்ந்தது. வைர நகை பெரும்பாலும் 18 காரட்டில்தான் வரும், அதில் 750 என்று இருக்கும். முத்திரை உண்மையானதுதான், ஆனால் 22 காரட் விலை போட்டிருந்தால் அது அநியாயம். எண்ணைப் படித்துவிட்டு விலையைப் பாருங்கள்.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. குறியீடு லேசரில் பொறித்தது, கண்ணுக்கு ஒரு கீறல் மாதிரிதான் தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் கடையில் இருக்க வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்குங்கள். வளையலில் உள்பக்கம், சங்கிலியில் கொக்கிப் பக்கம், மோதிரத்தில் உள்வட்டம் என்று தேடினால் கிடைக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், முத்திரைக்கு அனுப்பிய நகைக்கடையின் பதிவு விவரம், சோதித்த மையம், எந்த வகை நகை, என்ன தரம், எந்தத் தேதியில் முத்திரை விழுந்தது என்று எல்லாம் வரும். கையில் இருப்பது சங்கிலி, ஆப்பில் மோதிரம் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேறு நகையின் நிஜக் குறியீட்டைக் காப்பியடித்துப் பொறிக்க வாய்ப்பு உண்டு. ஆகவே எண் ஆப்பில் வந்துவிட்டது என்பதோடு திருப்திப்படாமல், வந்த விவரம் கையில் இருக்கும் நகையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்போது இதுவே சிறந்தது: புதிதாகக் காசு கொடுத்து வாங்கும்போது; வெளியூரில், பழக்கமில்லாத கடையில் வாங்கும்போது; பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, அவள் வேறு ஊரில் வாழப் போகும்போது. கடைசியாகச் சொன்னது முக்கியம். உங்கள் ஊர்க் கடைக்காரரின் நாணயம் அவள் போகிற ஊரில் யாருக்கும் தெரியாது.

## கடையின் சொந்த ‘916’, ‘கே.டி.எம்.’ உத்தரவாதம்

பழகிய கடைக்காரரை நம்புவது தப்பில்லை. வார்த்தை மாறாமல் மூன்று தலைமுறைக்கு நகை கொடுத்த கடைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆகவே சின்னக் கடையில் முத்திரை இல்லாத நகை இருப்பதால் மட்டுமே அவர் ஏமாற்றுக்காரர் என்று ஆகிவிடாது.

ஆனால் 916 என்று வெறுமனே பொறித்திருப்பதும் ஹால்மார்க்கும் ஒன்றில்லை. எண்ணை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். பக்கத்தில் முக்கோணச் சின்னமும் ஆறு இலக்கக் குறியீடும் இல்லாவிட்டால், அது கடைக்காரர் தன் நகைக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்.

கே.டி.எம். பற்றி நிறைய குழப்பம் இருக்கிறது. அது தரத்தின் பெயரில்லை, பற்றவைக்கும் முறையின் பெயர். நகையின் துண்டுகளை ஒட்டப் பத்தர்கள் பொடி வைத்துப் பற்றவைப்பார்கள். அந்தப் பொடி தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும், அதற்காகச் செம்பும் வெள்ளியும் அதிகம் சேர்ப்பார்கள். அதனால் மொத்த நகையை உருக்கும்போது மாற்று இறங்கிவிடும். காட்மியம் 321 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அதைக் கொஞ்சம் சேர்த்தாலே போதும் என்பதால், பொடியிலேயே 92 சதவீதம் தங்கம் வைக்க முடிந்தது. ஒரு காலத்தில் ‘கே.டி.எம். நகை’ என்றால் தரமான நகை என்ற பெயர் வந்தது இப்படித்தான், அதில் உண்மையும் இருந்தது. ஆனால் காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. பட்டறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த பத்தர்கள்தான் அதை நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். ஹால்மார்க் தரநிலை காட்மியம் சேர்த்த பொடியை அனுமதிப்பதில்லை. இன்றைக்கும் ஒருவர் ‘கே.டி.எம்.’ என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார் என்றால், தரத்துக்கு என்ன ஆதாரம் என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு திரும்ப மாற்றும்போதுதான் வரும். ‘எங்கள் கடைக்கே கொண்டுவந்தால் அன்றைய விலைக்கு எடுத்துக்கொள்வோம்’ என்பார்கள். அதைச் செய்யவும் செய்வார்கள். ஆனால் அதே கடையில் வேறு நகையாகத்தான் எடுக்க வேண்டும், கையில் பணமாகக் கிடைக்காது என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. கடை மூடிவிட்டாலோ, பிள்ளைகள் தொழிலை விட்டுவிட்டாலோ உத்தரவாதமும் அதோடு போய்விடும். வேறு கடைக்குப் போனால் ‘இது எங்கள் நகை இல்லை, உருக்கித்தான் பார்க்கணும்’ என்று சொல்லி ஒரு கழிவைப் போடுவார்கள்.

கடைக்காரர் எக்ஸ்ரே கருவியில் வைத்து 916 காட்டினால் போதாதா என்று கேட்கலாம். உரைகல்லைவிட அது நல்லதுதான், நகையும் சேதமாகாது. ஆனால் அது நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேலே கனமாக முலாம் பூசியிருந்தாலோ, உள்ளே பற்றவைப்பு அதிகமிருந்தாலோ காட்டிக்கொடுக்காது. விற்பவரின் கருவியில் விற்பவரே பார்த்துச் சொல்வதில் நம்முடைய முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

எப்போது இது சரி: கடைக்காரரை நன்றாகத் தெரியும், நகை சின்னது, அதே கடையில் மறுபடி மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வாங்கலாம். அப்போதும் ரசீதில் காரட்டும் நிகர எடையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். துண்டுச்சீட்டில் எழுதித் தரும் ‘எஸ்டிமேட்’ ரசீது ஆகாது. வரி மிச்சம் என்று அதை வாங்கிக்கொண்டு வந்தால், மிச்சமாகும் 3 சதவீதத்துக்காக, நாளைக்குக் கேள்வி கேட்கும் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

## பத்தரிடம் கொடுத்துச் செய்வது

என் மனசுக்குப் பிடித்த வழி இதுதான். அதனாலேயே கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல பத்தர் கையில் செய்த அட்டிகையின் திருகாணியும் மூடியும் பொருந்துகிற விதத்தை அச்சில் வார்த்த நகையில் பார்க்க முடியாது. பாட்டியின் சங்கிலி பேத்தியின் வளையலாக மாறுவதில் இருக்கும் சந்தோஷமும் தனி. இந்தக் கைத்தொழில் நிலைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

ஆனால் தரத்தைப் பொறுத்தவரை இங்கே இரண்டு இடங்களில் தங்கம் கை நழுவும். ஒன்று, பழைய நகையை உருக்கும்போது. அந்தக் காலத்து நகையில் பொடி நிறைய இருக்கும், அழுக்கும் அரக்கும் இருக்கும். பத்துப் பவுன் கொடுத்தால் உருக்கிய கட்டி குறைவாகத்தான் வரும், அது இயல்பு. எவ்வளவு குறைந்தது, குறைந்தது அழுக்கா தங்கமா என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, புது நகையில் சேரும் பொடி. எத்தனை கண்ணி, எத்தனை ஒட்டு என்பதைப் பொறுத்து மாற்று இறங்கும். பத்தர் நேர்மையானவராக இருந்தும் இது நடக்கும். 22 காரட் தங்கத்தை எடுத்து 22 காரட் என்று நம்பியே செய்திருப்பார். பற்றவைப்பு அதிகமுள்ள முறுக்குச் சங்கிலி முடிவில் அதைவிடக் குறைந்து நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் தங்கள் நகையைச் சோதிக்கலாம். நான்கு நகை வரைக்கும் 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகைக்கு 45 ரூபாய் என்பது நிர்ணயித்த கட்டணம், வரி தனி. சோதனை அறிக்கை கையில் தருவார்கள். பழைய நகையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, புது நகை கைக்கு வந்தபிறகு ஒரு தடவை சோதித்துவிட்டால், நடுவில் என்ன நடந்தது என்று யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நல்ல பத்தர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய நல்ல பெயருக்கும் இது சாட்சிதானே.

முத்திரையே வேண்டுமென்றாலும் முடியும். தனி ஆள் நேரடியாகப் போய் ஹால்மார்க் போட்டுக்கொள்ள முடியாது. பி.ஐ.எஸ். பதிவு பெற்ற நகைக்கடை வழியாகத்தான் மையத்துக்குப் போக வேண்டும். பதிவு வைத்திருக்கும் பத்தராக இருந்தால் அவரே அனுப்பிவிடுவார். ஆகவே வேலை கொடுக்கும்போதே ‘முடிந்ததும் முத்திரை போட்டுத் தருவீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு பேச்சிலேயே அவர் எந்தப் பொடி பயன்படுத்துவார், எவ்வளவு கவனமாகச் செய்வார் என்பது மாறிவிடும். தரம் குறைந்தால் மையம் முத்திரை போடாது என்பது அவருக்கும் தெரியும்.

எப்போது இது சிறந்தது: பழைய தங்கம் கையில் இருக்கும்போது, கடையில் கிடைக்காத வேலைப்பாடு வேண்டும்போது, சேதாரத்தைக் கடை விகிதத்தில் கொடுக்க மனசில்லாதபோது. உருக்கும் நாளில் பக்கத்தில் உட்காரவும், முடிந்தபின் மையத்துக்கு அலையவும் நேரம் இல்லாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

## வீட்டில் இருக்கும் பழைய நகையை என்ன செய்வது?

எச்.யூ.ஐ.டி. வந்தபிறகு ‘முத்திரை இல்லாத பழைய நகை செல்லாது’ என்ற பயம் பரவியது. அது தேவையில்லாத பயம். விதி கடைக்காரர் விற்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் இருக்கும் நகையை விற்கலாம், மாற்றலாம், அடகு வைக்கலாம். யாராவது ‘இனி இதை வாங்கக் கூடாது’ என்று சொல்லி விலையைக் குறைத்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

2021க்கு முன் வாங்கிய ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எண் இருக்காது. பி.ஐ.எஸ். சின்னம், தரம், மையத்தின் குறி, நகைக்கடையின் குறி என்று நான்கு இருக்கும். 2017க்கு முந்தியது என்றால் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும், ‘ஏ’ என்றால் 2000, ‘பி’ என்றால் 2001. அந்த முத்திரைகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. புது எண் வாங்குவதற்காக மட்டும் அவற்றைக் கொடுத்து மாற்ற வேண்டாம். மாற்றினால் பழைய நகைக்கு ஒரு கழிவு, புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், வரி என்று நல்ல தங்கத்தின் மேலேயே மறுபடி செலவு செய்கிறீர்கள்.

முத்திரையே இல்லாத நகைக்கு, விற்கப் போவதற்கு முன்னால் 200 ரூபாய் சோதனையைச் செய்துகொண்டு போங்கள். ‘இது 20 காரட்தான் வரும்’ என்று கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துச் சொல்லும்போது, உங்கள் கையில் வேறு எண் போட்ட அறிக்கை இருந்தால் பேச்சே மாறிவிடும். அடகுக்கும் இது பொருந்தும். வங்கியில் நகையின் காரட்டைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள், காரட் குறைந்தால் மதிப்பும் குறையும். மதிப்பீட்டாளர் பெரும்பாலும் உரைகல்லைத்தான் கையில் எடுப்பார்.

## 2 கிராமுக்குக் கீழே இருக்கும் ஓட்டை

எடை 2 கிராமுக்குக் குறைந்தால் ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, குழந்தைக் கம்மல், சின்ன மோதிரம் எல்லாம் இதில் வந்துவிடும். தாலியோடு கோக்கும் குண்டு, காசு, மாங்காய் போன்ற உருக்கள் ஒவ்வொன்றும் 2 கிராமுக்குள்தான் இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு பவுன், ஒன்றரைப் பவுன் வந்துவிடும், ஆனால் ஒன்றிலும் முத்திரை இருக்காது. வாழ்க்கை முழுக்கக் கழற்றாமல் போட்டுக்கொள்ளும் நகையே சோதனை இல்லாமல் வீட்டுக்கு வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சின்ன உருப்படியையும் முத்திரையோடு விற்கும் கடைகள் உண்டு. கேட்டு வாங்குங்கள், ஓர் உருப்படிக்கு அதே 45 ரூபாய்தான். குந்தன், போல்கி, ஜடாவு என்ற கல் பதித்த நகை வகைகளுக்கும் விலக்கு இருக்கிறது. அவற்றில் தங்கத்தின் நிகர எடையை ரசீதில் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

## எனக்கென்றால் எது?

புதிதாகப் பணம் போட்டு வாங்குவதென்றால் தயக்கமே இல்லாமல் எச்.யூ.ஐ.டி. நகைதான் எடுப்பேன். லட்சங்கள் கொடுக்கும் பொருளுக்கு 53 ரூபாயில் மூன்றாம் ஆளின் அளவும் சட்டத்தின் பொறுப்பும் கிடைக்கிறது. இதைவிட மலிவான பாதுகாப்பு நகைக்கடையில் வேறு எதுவும் இல்லை.

பழைய தங்கம் கையில் இருந்து, நம்பிக்கையான பத்தரும் இருந்தால் அவரிடமே போவேன், முன்னும் பின்னும் மையத்தில் சோதித்துக்கொண்டு. கடையின் வாய்மொழி உத்தரவாதத்தை ஒரு பவுனுக்கு மேல் நம்பி வாங்க மாட்டேன். அது அந்தக் கடைக்காரர் மேல் சந்தேகம் இருப்பதால் இல்லை. இருபது வருஷம் கழித்து அந்த நகையை எடுத்துக்கொண்டு போகப்போவது நானாக இருக்காது, கடையில் உட்கார்ந்திருப்பதும் அவராக இருக்காது என்பதால்தான்.

எதை வாங்கினாலும் வாங்கிய அன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. ரசீதையும், லென்ஸ் வழியாக எடுத்த முத்திரைப் படத்தையும், ஆப்பில் வந்த விவரத்தையும் போனில் படமெடுத்து, வீட்டில் இன்னும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ரசீது அச்சு நாளாக நாளாக மங்கிவிடலாம். இழப்பீடு கேட்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.